நூற்றேழு ஃப்ரேம்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இந்த நோட்டை வாங்கிக் கொடுத்தது இளவழகன். "உனக்கு மனசுல நினைச்சா எதுவும் நிக்காது, எழுதிப் பாரு. இடது பக்கம் சென்னை, வலது பக்கம் திருச்சி. பதினாறாம் தேதிக்குள்ள எந்தப் பக்கம் நிறையுதுன்னு தெரிஞ்சுடும்" என்றார். மின்வாரியத்தில் வேலை செய்கிறவர், எதற்கும் மீட்டர் வைத்துப் பார்க்கிற பழக்கம். எனக்குக் கட்டம் போட்டு எழுத வராது. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். ஆறு வருடமாக ஒரு தொலைக்காட்சித் தொடரில் உதவி எடிட்டராக இருக்கிறேன். வளசரவாக்கத்தில் ஜன்னல் இல்லாத ஓர் ஏ.சி. அறை. மாமியார் ஒரு சொல் சொன்னால் மருமகள் முகம், மாமனார் முகம், சமையற்காரி முகம், மறுபடி மருமகள் முகம், ஒவ்வொரு முகத்துக்கும் ஓர் இடி. இந்த இடிகளை வைத்துத்தான் ஆறு வருடமாகச் சோறு தின்கிறேன். எடிட்டர் ரசாக் பாய் நேற்றோடு கொச்சிக்கு, சினிமாவுக்குப் போய்விட்டார். அவர் நாற்காலி எனக்குக் கிடைக்கலாம் என்கிறார் டைரக்டர் பலராமன் சார். கிடைக்கலாம் என்றால், இரண்டு வாரத்தில் ஏதாவது செய்து காட்டு என்று பொருள். ஆடி முடிந்து ஆவணி ஒன்றாம் தேதி முடிவு சொல்வார்களாம்.

இன்னொன்று திருச்சி. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட வீடியோ தயாரிக்கும் நிறுவனம். வேலைக் கடிதமே வந்துவிட்டது. பதினாறாம் தேதி மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். இளா இருப்பதும் திருச்சி. கல்யாணமாகி நான்கு வருடத்தில் நாங்கள் ஒரே கூரையின் கீழ் இருந்த நாட்களைக் கூட்டினால் பதினொரு வாரம் வருகிறது. போனால் சேர்ந்து இருக்கலாம். ஹைட்ரா எப்படி மொட்டு விடுகிறது என்பதை ஆயுள் முழுக்க வெட்டி ஒட்டிக்கொண்டும் இருக்கலாம்.

துணி துவைத்துக் காயப்போட்டேன். மழை வந்து மறுபடி துவைத்தது.

ஆகஸ்ட் 4, திங்கள்

பெரியநாயகி செத்துப்போனாள். எங்கள் தொடரின் பெரிய மாமியார். நடிப்பவர் சௌந்தரவல்லி அம்மா, அறுபத்தெட்டு வயது, நாடகக் கம்பெனியில் தொடங்கியவர். கதையில் ஆள் கூடிவிட்டதாம், முதலில் அவர் தலையில் கை வைத்தார்கள்.

சனிக்கிழமை எடுத்த சாவுக் காட்சி இன்று என் மேசைக்கு வந்தது. கோரைப்பாய், அரக்குப் பட்டுப்புடவை, மூக்கில் பஞ்சு, சுற்றிலும் பதினான்கு பேர் அழுகை. கடைசிக் கிளிப், சிரிப்பு ஷாட்.

வெளியே இருப்பவர்களுக்கு இது தெரிந்திருக்காது. பிணமாக நடித்தவர் பேசாமல் எழுந்து போய்விடக் கூடாது. டைரக்டர் "ஷாட் ஓகே" சொன்னதும், கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுந்து உட்கார்ந்து, லென்ஸைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். செத்தது நடிப்பு, நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று கேமராவிடம் சொல்லிவிட்டு இறங்குவதாக ஐதீகம். அந்தக் கிளிப்பும் எடிட்டிங்குக்கு வரும். ஆனால் தொட மாட்டோம். ரசாக் பாய் அவற்றுக்கு 'தொடாதே' என்றே ஒரு ஃபோல்டர் வைத்திருந்தார். முப்பத்தொரு கிளிப் இருந்தது. இதை முப்பத்திரண்டாவதாகப் போட்டேன்.

போடுவதற்கு முன் பார்த்தேன். அம்மா கண்ணைத் திறக்கிறார். பஞ்சை எடுக்கிறார். பெரியநாயகியின் முறைப்பெல்லாம் போய், வாய் நிறையச் சிரிக்கிறார். நாலு செகண்ட், ஏழு ஃப்ரேம். செகண்டுக்கு இருபத்தைந்து ஃப்ரேம் என்றால் மொத்தம் நூற்றேழு. இந்தத் தொடரில் ஆறு வருடத்தில் இப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. இங்கே சிரிப்பதற்கு யாருக்கும் அனுமதி இல்லை, சதி செய்கிறவர்களைத் தவிர.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பலராமன் சார் காலையிலேயே அறைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டார். டி.ஆர்.பி. விழுந்துவிட்டது. வெள்ளிக்கிழமை எபிசோடை எதில் முடிப்பது என்று தெரியவில்லை. "கிழவி செத்ததுக்கு ஜனம் ஒரு 'உச்' கூட கொட்டாது போலிருக்கே. அறிவு, ஏதாவது யோசியேன்ம்மா."

யோசித்தேன் என்று சொல்வதைவிட, வாய் முந்திக்கொண்டது என்று சொல்லலாம். "சார், மாலை போட்ட போட்டோவை மருமகள் பார்க்கிறாள். திரும்பிப் போகிறாள். போட்டோ சிரிக்கிறது. அங்கே முடிப்போம்."

"சிரிப்புக்கு எங்க போறது? அந்தம்மா ஷூட்டிங்தான் முடிஞ்சு போச்சே."

'தொடாதே' ஃபோல்டரைத் திறந்தேன்.

சார் கழுத்தில் கிடந்த ருத்ராட்சத்தைத் தொட்டுக்கொண்டார். பிறகு, "போட்டுத்தான் பாரேன்" என்றார்.

முகத்தை மட்டும் வெட்டி, சட்டத்துக்குள் வைத்து, நிறத்தைக் குறைத்து, மேலே மாலையைப் போட்டேன். இரண்டு மணி நேர வேலை. பஞ்சை எடுத்த பிறகு வரும் முகத்தை அறுபது ஃப்ரேம் அசையாமல் நிறுத்தி வைத்தேன். பிறகு உதடு மெல்ல விரிகிறது. பார்த்ததும் சார் என் நாற்காலியின் முதுகை ஓங்கித் தட்டினார். பக்கத்து அறையிலிருந்து சவுண்டு ஆட்கள் வந்து பார்த்துவிட்டு, மயிர்க்கூச்செறிகிறது என்று கையை நீட்டிக் காட்டினார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஏன் பொய் சொல்ல வேண்டும், ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

ஐதீகம் பற்றி நினைக்காமல் இல்லை. எங்கள் அப்பா கருப்புச் சட்டைக்காரர். கிரகணத்தன்று பாய் விரித்து வாசலில் உட்கார வைத்து எங்களுக்குச் சோறு போட்டவர். எனக்கு அறிவுக்கொடி என்று பெயர் வைத்தவர். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு ஒரு கிளிப்புக்குப் பயந்தால் அவர் கல்லறையிலிருந்து எழுந்து வந்து கேள்வி கேட்பார்.

ஆகஸ்ட் 6, புதன்

தோசை மாவு புளித்துவிட்டது. வேறொன்றும் இல்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

கொச்சியிலிருந்து ரசாக் பாய். யாரோ சொல்லிவிட்டார்கள்.

"நெசமாவே அத எடுத்தியாம்மா?"

"எடுத்தேன் பாய். நல்லா வந்திருக்கு, நாளைக்குப் பாருங்க."

"அது சீனுக்குள்ள செத்தவங்கள வெளிய கூட்டிட்டு வர்ற ஷாட்டும்மா. அதையே கொண்டு போய் சீனுக்குள்ள வச்சிட்டா, அவங்க எது வழியா வெளிய வருவாங்க?"

"கதவு வழியா பாய். அவங்க வீடு வடபழனிதானே, பஸ் இருக்கு."

அவர் சிரிக்கவில்லை. நாற்காலி போனதில் வருத்தமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அவராகத்தான் போனார் என்பது பிறகுதான் நினைவு வந்தது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஒளிபரப்பாயிற்று. எட்டரை மணியிலிருந்து போன் ஓயவில்லை. இளாவின் அலுவலகத்தில் லைன்மேன் ஒருவர் பார்த்துவிட்டு வீட்டு விளக்கை அணைக்க மாட்டேன் என்கிறாராம். "மின்வாரியத்துக்கே லாபம்" என்றார் இளா. சிரித்தோம். வீடு பார்த்திருக்கிறார், உறையூரில், மாடிப் போர்ஷன். மொட்டை மாடி நமக்கே என்றார். சரி என்றேன். சார் இன்னொரு லைனில் வந்ததால் வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 9, சனி

முன்னோட்டம் வெட்ட அந்தக் கிளிப்பைத் திறந்தேன். நாலு செகண்ட், ஒரு ஃப்ரேம்.

நூற்றேழு என்று நானே இந்த நோட்டில் எழுதியிருக்கிறேன். இப்போது நூற்றியொன்று. கடைசி ஆறு ஃப்ரேம் இல்லை. சிரிப்பு முழுதாக விரிவதற்கு முன்பே நின்றுவிடுகிறது. வெள்ளிக்கிழமை ஒளிபரப்பான எபிசோடில் பார்த்தேன், அங்கே முழுச் சிரிப்பும் அப்படியே இருக்கிறது. மூலக் கிளிப்பில்தான் இல்லை. ஹார்டு டிஸ்க் பழசு. திங்களன்று மாற்றச் சொல்ல வேண்டும்.

மத்தியானம் சௌந்தரவல்லி அம்மா போன் செய்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"பாத்தேம்மா. நல்லாத்தான் பண்ணியிருக்க. நானே ஒரு நிமிஷம் யாருடா இந்தக் கிழவின்னு பயந்துட்டேன்." பிறகு, "காலைல காபி குடிக்கிறேன், வாயோரமா வழியுது. கண்ணாடில பாத்தா வாய் ஒரு பக்கம் தொங்குது. பனிக் காத்து பட்டிருக்கும், இல்ல?"

டாக்டரைப் பார்க்கச் சொன்னேன். ஆடி மாதத்தில் பனி ஏது என்று வைத்த பிறகுதான் தோன்றியது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

சேனலுக்குச் சிரிப்பு பிடித்துவிட்டது. இனி வாரம் முழுக்க தினமும் ஒரு சிரிப்பு வேண்டுமாம். ஞாயிறு என்றும் பாராமல் போய் நான்கு எபிசோடுக்கு வைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இளாவிடம் சொன்னால், "அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையா ஆயிடப் போவுது" என்றார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். உறையூர் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கட்டுமா என்று கேட்டதற்கு, இரண்டு நாள் பொறுங்கள் என்றேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

எண்பத்தெட்டு ஃப்ரேம். நேற்று நாள் முழுக்க முன்னோட்டம் ஓடியது. புது டிஸ்க்குக்கு மாற்றிய பிறகும் எண்பத்தெட்டு.

மத்தியானம் வடபழனி போனேன். கோயிலுக்குப் பின்புறத் தெரு, மாடியில் ஒற்றை அறை. கீழ்வீட்டில் வீட்டுக்காரம்மா. சௌந்தரவல்லி அம்மாவுக்குப் பிள்ளைகள் இல்லை. பெங்களூரில் அண்ணன் மகன் இருக்கிறான், தீபாவளிக்குப் பேசுவான். கதவை அவரே திறந்தார். முகத்தின் இடது பக்கம் தொங்கிப்போயிருக்கிறது, கண் மூடவில்லை. முகவாதம், மருந்து கொடுத்திருக்கிறேன், பல பேருக்குச் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னாராம்.

"கீரைக்காரி என்னப் பாத்து அலறிட்டு கூடைய போட்டுட்டு ஓடிட்டா. கோயில்ல ஒருத்தி, 'நீங்க போய்ச் சேர்ந்துட்டீங்களேம்மா'ன்னு என்கிட்டயே துக்கம் விசாரிக்கிறா." இதைச் சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். வலது பக்கம் மட்டும் கொஞ்சம் அசைந்தது.

டம்ளரில் மோர் கொடுத்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"அம்பது வருஷத்துல நான் பதினேழு தடவ செத்திருக்கேம்மா. விஷம் குடிச்சு, கெணத்துல விழுந்து, பிரசவத்துல, எல்லா விதமாவும். ஒவ்வொரு தடவையும் சிரிச்சுட்டுத்தான் எழுந்திருச்சேன். இந்தத் தடவ எழுந்திருச்சேனான்னு எனக்கே சந்தேகமா இருக்கு. ராத்திரி படுத்தா அந்தப் பாய்தான் முதுகுல குத்துது. பதினாலு பேர் அழற சத்தம் கேக்குது."

நான் ஃப்ரேம் குறைவதைப் பற்றிச் சொல்லவில்லை. வயதானவரை எதற்குப் பயமுறுத்த வேண்டும்.

"அத திருப்பித் தா, காட்டாதேன்னு உன்கிட்ட சண்டைக்கு வரல. காட்டுனது காட்டுனதுதான். ஆனா எனக்கு ஒண்ணு பண்ணு. ஒரு கேமரா எடுத்துட்டு வா. அந்தப் புடவை என்னுதுதான், பொட்டில இருக்கு. பாய் இருக்கு. நான் மறுபடி படுக்குறேன். நீ 'ஷாட் ஓகே'ன்னு சொல்லு. எழுந்து சிரிச்சுடறேன். அத யாருக்கும் காட்டாம நீயே வச்சுக்க. அவ்ளோதான். இந்த வலது பக்கமும் போறதுக்குள்ள வந்துடு தாயி."

வியாழக்கிழமை மூன்று மணிக்கு வருகிறேன் என்று சொன்னேன். கையைப் பிடித்துச் சொன்னேன்.

"சொல்றதுக்கு ஒரு ஆள் வேணும், அதான். நானா எழுந்திருக்கக் கூடாது. அம்பது வருஷத்துல ஓகே சொல்லாம நான் எழுந்ததே இல்ல" என்றார்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

எழுபத்தொன்று. கூடுதல் நகல் வைத்திருந்த வெளி டிஸ்க்கிலும் எழுபத்தொன்று. அது ஒரு வாரமாக என் பையில்தான் கிடக்கிறது, இன்றுவரை எந்தக் கணினியிலும் செருகவில்லை.

இப்போது கிளிப்பில் சிரிப்பே இல்லை. கண்ணைத் திறக்கிறார், பஞ்சை எடுக்கிறார், வாய் அசையப் போகிறது, முடிந்துவிடுகிறது. ஒளிபரப்பான மறுநாள்தான் குறைகிறது என்று கவனித்தேன். கவனித்தேன் என்று மட்டும் எழுதி வைக்கிறேன். இதற்கு ஒரு காரணம் இருக்கும், அப்பா இருந்தால் கண்டுபிடித்திருப்பார்.

எனக்கு இனி மூலக் கிளிப் தேவைப்படாது. முதல் எபிசோடில் ஒளிபரப்பான சிரிப்பை எடுத்து எத்தனை தடவை வேண்டுமானாலும் வைக்கலாம்.

ஆகஸ்ட் 13, புதன்

சார் கடிதம் கொடுத்துவிட்டார். எடிட்டர்: அறிவுக்கொடி. டைட்டிலில் தனி கார்டு, நாலு செகண்ட் நிற்கும். ஆறு வருடமாக என் பெயர் பதினேழு பெயர்களோடு சேர்ந்து ஓடியது. என் மாமியாரே கண்டுபிடித்ததில்லை. ஞாயிறு, ஆவணி ஒன்று முதல் நாற்காலி என்னுடையது.

ஒரே நிபந்தனை, வெள்ளிக்கிழமை சுதந்திர தினத்துக்கு ஒரு மணி நேர மகா எபிசோட். அதில் ஆறு சிரிப்பு. வியாழன் மாலைக்குள் சேனலுக்குப் போக வேண்டும்.

"அம்மாவுக்கு உடம்பு முடியல சார்" என்றேன்.

"தெரியும்மா. பாவம். பழம் வாங்கி அனுப்பியிருக்கேன்."

மகா எபிசோடின் காட்சி வரிசையை வாங்கிக்கொண்டு அறைக்குப் போனேன்.

மாலையில் நித்திலா வந்தாள். மருமகளாக நடிக்கிற பெண், இருபத்து நான்கு வயது. தொடரில் நாள் முழுக்க அழுதுவிட்டு, என் அறைக்கு வந்து வயிறு வலிக்கச் சிரிப்பாள். கல்யாணம் நிச்சயமாகிவிட்டதாம், ஆவணி இருபத்தாறு. அதோடு நடிப்புக்கு முழுக்கு. "என்னையும் கொன்னுடப் போறாங்கக்கா, லாரில அடிபட்டு. அடுத்த வாரம் சாவு. நீங்க கல்யாணத்துக்கு வரணும், சாவுக்கு வந்துட்டு அதுக்கு வராம இருந்துடாதீங்க" என்று பெட்டியிலிருந்த கடைசி பாதுஷாவையும் என் வாயில் திணித்துவிட்டுப் போனாள்.

ஐம்பத்திரண்டு.

ஆகஸ்ட் 14, வியாழன்

போக முடியவில்லை.

காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தவள் எழவே இல்லை. பன்னிரண்டு மணிக்கு அம்மா கூப்பிட்டார். பேச்சு குழறியது. "வர்றியா தாயி?" வருகிறேன் என்றேன். அப்போது போவதாகத்தான் இருந்தேன். ஒரு மணிக்குச் சேனலிலிருந்து ஆள் வந்து பின்னால் நின்றுகொண்டான். இரண்டு மணிக்கு ஒரு தடவை, இரண்டே காலுக்கு ஒரு தடவை, இரண்டே முக்காலுக்கு இரண்டு தடவை போன் அடித்தது. மேசையில் கவிழ்த்து வைத்தேன். மூன்று மணிக்குப் பிறகு அடிக்கவில்லை.

ஆறு சிரிப்பை ஐந்தாக்கிவிட்டேன். சார் கவனிக்கவில்லை. அம்மாவுக்காகச் செய்தேன்.

நாலரை மணிக்கு எல்லாம் முடித்து அனுப்பிவிட்டு ஃபோல்டரைத் திறந்தேன். கிளிப் இருந்த இடத்தில் சிவப்புத் திரை, 'மீடியா ஆஃப்லைன்', அதாவது கோப்பே இல்லை என்று. வெளி டிஸ்க்கிலும் அதே சிவப்பு. மற்ற முப்பத்தொன்றும் சரியாக ஓடுகின்றன. பார்த்தேன், எல்லோரும் சிரிக்கிறார்கள்.

நாளை காலை முதல் வேலையாக வடபழனி.

ஆகஸ்ட் 15, வெள்ளி

காலை ஒன்பது மணிக்கு வீட்டுக்காரம்மாவே அம்மாவின் போனிலிருந்து கூப்பிட்டார். பூ கொடுக்கப் போனவர் பார்த்திருக்கிறார்.

போனேன். கூட்டம் அதிகமில்லை. அம்மா கோரைப்பாயில் படுத்திருந்தார். அரக்குப் பட்டுப்புடவை, கை இரண்டும் நெஞ்சின் மேல். நாங்கள் எடுத்த காட்சியில் எப்படி இருந்ததோ அப்படியே. யாரும் படுக்க வைக்கவில்லை, அப்படித்தான் இருந்தார் என்றார் வீட்டுக்காரம்மா. மூக்கில் பஞ்சுகூட முன்பே இருந்ததாம்.

"நேத்து மத்தியானத்துலருந்து நீங்க வருவீங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. மாடிப்படில எட்டி எட்டிப் பாத்தாங்க. நீங்கதான அறிவு?"

ஆமாம் என்றேன். அவர் போனை என் கையில் கொடுத்தார். டம்ளரில் சாய்த்துப் பாய்க்கு நேராக வைத்திருந்ததாம். "ஏதோ படம் புடிச்சிருக்காங்க. எனக்கு இதெல்லாம் பாக்கத் தெரியாது."

மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்தேன். வியாழன் மூன்று மணி ஐந்து நிமிடம் என்று தேதி காட்டியது. ஒரு மணி ஐம்பது நிமிட வீடியோ. அதோடு போனில் இடம் தீர்ந்துவிட்டது.

அம்மா போனை நேராக்குகிறார். பாதி முகம் பெரிதாகத் தெரிகிறது. போய்ப் படுக்கிறார். புடவைத் தலைப்பைச் சரி செய்கிறார், கேமராவுக்கு எந்தப் பக்கம் காட்ட வேண்டுமென்று தெரிந்து வலது பக்கத்தைக் காட்டுகிறார். கையால் இடது இமையை இழுத்து மூடுகிறார். நல்ல நடிகை. மூச்சு விடுவது தெரியவில்லை.

ஆறாவது நிமிடத்தில், கண்ணைத் திறக்காமல், "ஆச்சாம்மா?" என்கிறார்.

பதினொன்றாவது நிமிடத்தில், "அறிவு, ஷாட் ஓகேயா?"

பிறகு இரண்டு தடவை கேட்கிறார். இருபத்து மூன்றாவது நிமிடத்துக்குப் பிறகு கேட்கவில்லை. மீதியை வேகமாக ஓட்டினேன். எதுவும் மாறவில்லை, ஜன்னல் வெளிச்சம்தான் பாயின் மேல் நகர்ந்துகொண்டிருந்தது.

நான் அழுதேன். இதை எழுதும்போதும் அழுகிறேன். கீழே இறங்கி வந்து, யாரும் பார்க்காதபோது அம்மாவின் காதருகே குனிந்து, "ஷாட் ஓகேம்மா" என்று சொன்னேன். சொல்லிவிட்டு, எழுந்துவிடப் போகிறாரோ என்று பயந்து இரண்டடி பின்னால் போனேன்.

மகா எபிசோட் மாலையில் வந்தது. நான் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டில் அலறியது கேட்டது. ஐந்து தடவை.

ஆகஸ்ட் 16, சனி

காலையில் தகனம். பெங்களூர்ப் பையன் வந்து கொள்ளி வைத்தான். வீட்டில் மாட்ட நல்ல போட்டோ ஒன்று வேண்டும், சிரித்த மாதிரி, உங்களிடம் இருக்குமே என்று கேட்டான். பார்க்கிறேன் என்றேன்.

மின்மயானத்தின் வாசலில் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். போன் வீடியோ பற்றி அவருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. "அதுல ஏதாவது இருக்காம்மா? அஞ்சலி எபிசோடுக்கு..."

"சிரிப்பு இல்ல சார். நமக்கு உதவாது" என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டே போய்விட்டார். அம்மாவின் மானத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று வண்டியில் வரும்போது நினைத்துக்கொண்டேன். மொட்டை மாடியில் அந்த வீடியோவை வேகமாக ஓட்டியபோது நான் எதைத் தேடினேன் என்பது எனக்குத் தெரியும். அதை இங்கே எழுதப்போவதில்லை.

மாலை ஐந்து மணிக்குத் திருச்சியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். மரியாதையான குரல். "உங்களுக்காக வெச்சிருக்கோம் மேடம், ஆறு மணி வரைக்கும் டைம் இருக்கு." ஐந்தே முக்காலுக்கு மின்னஞ்சலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நான் திருச்சிக்குப் போனால் மட்டும் என்ன ஆகப்போகிறது. அந்த நாற்காலியில் வேறொருவர் உட்காருவார். அவருக்கு நூற்றேழு, நூற்றியொன்று எதுவும் தெரியாது. தெரிந்தவள் ஒருத்தி அங்கே இருப்பது நல்லதுதானே. இப்படி யோசித்துக்கொண்டிருந்ததில் ஆறு பத்து ஆகிவிட்டது.

இளாவிடம் நெட்வொர்க் வேலை செய்யவில்லை என்று சொன்னேன். அவர் பழமொழி எதுவும் சொல்லவில்லை. "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி ஒன்று. நாற்காலியில் உட்கார்ந்தேன். சக்கரம் ஒன்று ஆடுகிறது.

மகா எபிசோட் இந்த வருடத்தின் முதலிடம். சேனல் இனிமேல் ஒவ்வொரு சாவுக்கும் போட்டோ சிரிக்க வேண்டும் என்று எழுத்திலேயே கேட்டிருக்கிறது.

ஆகஸ்ட் 18, திங்கள்

நித்திலாவின் சாவு இன்று படமானது. நானே ஷூட்டிங் நடந்த இடத்துக்குப் போயிருந்தேன். எடிட்டர் அங்கே போகிற வழக்கம் இல்லை, கேமராமேன் ஆச்சரியமாகப் பார்த்தார்.

"சிரிப்பு ஷாட் நாலு செகண்ட் போதாது. முப்பது செகண்ட் எடுங்க" என்றேன்.

நித்திலா பஞ்சை மூக்கில் வைத்துக்கொண்டே, "எதுக்குக்கா அவ்ளோ நேரம்? வாய் வலிக்குமே" என்றாள்.

"சும்மா, சேஃப்டிக்குத்தான்."

'ஷாட் ஓகே'யை நானே சொன்னேன், சத்தமாக. எழுந்து உட்கார்ந்து, என்னைப் பார்த்து, நான் கையைக் காட்டிக்கொண்டே இருந்ததால் முப்பது செகண்டும் நிறுத்தாமல் சிரித்தாள். எழுநூற்று ஐம்பது ஃப்ரேம், எண்ணிப் பார்த்துவிட்டேன். ஒரு நாளைக்கு இருபது போகும் என்று வைத்தாலும் முப்பத்தேழு நாள் வரும். கல்யாணம் ஆவணி இருபத்தாறு. அதற்குள் ஒன்றும் ஆகாது.